குதிரையா, கல்வட்டமா? ஒரு நாவல் டிவி தொடராகும் கதை

1980-களின் நடுவில் அமெரிக்காவில் ‘ட்விலைட் ஸோன்’ என்ற டிவி தொடருக்கு ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிக்கொண்டிருந்தார். ரோஜர் ஸெலாஸ்னியின் சிறுகதை ஒன்றை எபிசோடாக மாற்றும் வேலை அவரிடம் வந்தது. அவர் எழுதிய உச்சக்காட்சியில் இரண்டு வீரர்கள் குதிரை மேலிருந்து மோதுவார்கள். மோதும் இடம் இங்கிலாந்தில் இருக்கும் பழமையான கல்வட்டம், ஸ்டோன்ஹெஞ்ச். தயாரிப்புத் தரப்பு படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: குதிரை வேண்டுமானால் தருகிறோம், கல்வட்டம் வேண்டுமானால் தருகிறோம், இரண்டும் சேர்த்துத் தர முடியாது. மார்ட்டின் ஸெலாஸ்னிக்கே ஃபோன் போட்டுக் கேட்டார். அவர் கல் போதும் என்றார். வீரர்கள் தரையில் நின்று சண்டை போட்டார்கள்.

நாவலை எப்படித் தொடராக எடுக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் நான் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன். புத்தகத்தில் ‘பத்தாயிரம் குதிரைகள் வந்தன’ என்று எழுத ஒரு பைசா செலவில்லை. அதே வரி திரைக்கதைக்குள் வந்ததும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பில் வருகிறது. குதிரைக்கு வாடகை, குதிரைக்காரருக்குச் சம்பளம், மேலே உட்காருபவருக்குக் கவசம், மழை பெய்தால் இன்னொரு நாள் வாடகை. அதனால் இந்த வேலையில் தினமும் யாராவது ஒருவர் குதிரையா, கல்லா என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மார்ட்டினுக்கு அந்த வாழ்க்கை சலித்துப்போனது. அவர் கொடுத்த திரைக்கதைகள், ‘பிரமாதம், ஆனால் நம் பட்ஜெட்டைப் போல ஐந்து மடங்கு ஆகும்’ என்ற ரீதியில் திரும்பித் திரும்பி வந்தன. சரி, இனி பட்ஜெட்டே இல்லாத இடத்தில் எழுதுகிறேன் என்று நாவலுக்குப் போனார். 1991-இல் ஆரம்பித்த கதையின் முதல் பாகம் 1996-இல் வந்தது. 700 அடி உயரப் பனிச்சுவர், டிராகன்கள், ஆளுயர ஓநாய்கள், நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் என்று டிவியில் முடியாது என்று சொல்லப்பட்ட எல்லாவற்றையும் அதில் போட்டார். அந்த நாவலைத்தான் பிறகு டிவி தேடி வந்தது. எச்பிஓவின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் வரை 8 சீசன், 73 எபிசோடுகள் ஓடியது. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உள்ளே நடந்ததை அதன் ஆட்களே நிறையப் பேசியிருக்கிறார்கள், அதனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கதையின் சில திருப்பங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் உரிமை

எந்த நாவலையும் தொடராக எடுக்க முதலில் ஆசிரியரிடமிருந்து உரிமை வாங்கவேண்டும். பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிப் போய்விடும். எவ்வளவு பணம் என்பதைப் போலவே எதற்கு உரிமை என்பதும் முக்கியம். அமேசான் நிறுவனம் 2017-இல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் உலகத்தை வைத்துத் தொடர் எடுக்க ஏறக்குறைய 25 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அந்தப் பணத்துக்கும் அவருடைய எல்லாப் புத்தகங்களும் கிடைக்கவில்லை. பழங்காலக் கதை விரிவாக இருக்கும் ‘சில்மரில்லியன்’ ஒப்பந்தத்துக்கு வெளியே. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் பின்னிணைப்புகளில் இருக்கும் குறிப்புகளிலிருந்துதான் அவர்கள் கதையைக் கட்டவேண்டியிருந்தது.

மார்ட்டினிடம் சினிமாக்காரர்கள் பலர் வந்தார்கள். இத்தனை பெரிய கதையை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் அடைத்தால் பாதிப் பேரை வெட்டவேண்டும் என்பதால் அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். 2006-இல் டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஹோட்டலில் அவரைச் சந்தித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. பேச்சின் கடைசியில் மார்ட்டின் ஒரு கேள்வி கேட்டார்: ஜான் ஸ்னோவின் அம்மா யார்? ஜான் ஸ்னோ கதையின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன்; அவன் அம்மா யார் என்பது புத்தகத்தில் நேரடியாக எங்கும் சொல்லப்படாத விஷயம். வரிகளுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் துப்புகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் பதில் பிடிபடும். இவர்கள் சரியாகச் சொன்னார்கள். 2007 ஜனவரியில் எச்பிஓ உரிமையை வாங்கியது.

எச்பிஓ விளம்பரம் போடாத, மாதச் சந்தாவில் ஓடும் சேனல். நடுவில் விளம்பரத்துக்காகக் காட்சியை வெட்டவேண்டாம், ஒரு சீசனுக்கு 10 எபிசோடு எடுத்தால் போதும். ஒரு தடிமனான நாவலை ஒரு சீசனுக்குள் மூச்சு முட்டாமல் வைப்பதற்கு இந்த அளவு பொருந்தி வந்தது.

பெனியாஃபும் வைஸும் வகித்த பதவிக்கு ஷோரன்னர் என்று பெயர். நம் சினிமாவில் கடைசி வார்த்தை இயக்குநருடையது. இத்தகைய தொடர்களில் அப்படியில்லை. எபிசோடுக்கு எபிசோடு இயக்குநர் மாறுவார். கதை, வசனம், நடிகர் தேர்வு, செலவு, எடிட்டிங் எல்லாவற்றிலும் கடைசி முடிவு ஷோரன்னரிடம் இருக்கும்.

தோற்றுப்போன முதல் முயற்சி

முழு சீசனுக்குப் பணம் இறைப்பதற்கு முன் ஒரே ஒரு எபிசோடை எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் பைலட். 2009 அக்டோபர், நவம்பரில் வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மொராக்கோவிலும் இதன் பைலட்டை எடுத்தார்கள். எடுத்ததை நண்பர்கள் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஜேமி, செர்சி என்ற இருவருக்கும் இடையிலான தகாத உறவு அம்பலமாவதில்தான் அந்த எபிசோடு முடிகிறது. அந்த முடிவின் அதிர்ச்சியே அவர்கள் கூடப் பிறந்தவர்கள் என்பதில் இருக்கிறது. பார்த்தவர்களுக்கோ அந்த உறவே தெரியவில்லை! நண்பர்களில் ஒருவரான கிரெய்க் மேஸின், பின்னாளில் ‘செர்னோபில்’ தொடரை எழுதியவர், தன் நோட்டில் ‘மிகப் பெரிய பிரச்சினை’ என்று எழுதி வைத்திருந்தார்.

புத்தகத்தைப் பல தடவை படித்தவர்களுக்கு நேரும் விபத்து இது. யார் யாருக்கு என்ன உறவு என்பது அவர்கள் மண்டையில் ஊறிப்போயிருக்கிறது. அதைத் திரையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாவல் வாசகர் சந்தேகம் வந்தால் நான்கு பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்வார். டிவி பார்ப்பவர் அப்படித் திருப்பமாட்டார்.

எச்பிஓ கைவிடவில்லை. 2010 மார்ச்சில் முழு சீசனுக்கு அனுமதி கொடுத்தது. பைலட்டில் ஏறக்குறைய 90 சதவீதத்தை வேறு இயக்குநரை வைத்து மறுபடி எடுத்தார்கள். டெனேரிஸாகவும் கேட்லினாகவும் நடித்த இருவருக்குப் பதில் எமிலியா கிளார்க்கும் மிஷெல் ஃபேர்லியும் வந்தார்கள். இன்று டெனேரிஸ் என்றால் நம் கண் முன்னால் வரும் முகம் அந்தத் தோல்வியால் கிடைத்தது.

பணம் இல்லாத இடத்தில் கதை

முதல் சீசனுக்கு 5 முதல் 6 கோடி டாலர் செலவு என்று சொல்லப்பட்டது. டிவிக்கு அது மிகப் பெரிய தொகை. ஆனால் அந்தக் கதைக்குப் போதாது. மன்னர் ராபர்ட் வேட்டைக்குப் போகும் காட்சியைப் பாருங்கள். ஏழு நாட்டுக்கு ராஜா; கூட வருபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அதுவும் காட்டுக்குள் நடந்து போகிறார்கள். நாவலில் அந்த வேட்டை நேரடியாக வருவதில்லை; ஆனால் ஒரு ராஜாவின் வேட்டை என்றால் கூடாரமும் குதிரையும் வேட்டை நாயுமாகப் பெரிய பரிவாரம் இருக்கவேண்டும். மார்ட்டினுக்கு உறுத்திய காட்சிகளில் அது ஒன்று.

போர்க்களம் இன்னும் மோசம். நாவலில் குள்ள உருவம் கொண்ட டிரியன் என்ற பாத்திரம் கோடாரியோடு சண்டைக்குள் புகுந்து பல பக்கம் போராடுகிறான். தொடரில் சண்டை தொடங்கும் அந்த நொடியில் சொந்தப் படைக்காரனின் சுத்தியலே தலையில் பட்டு மயங்கி விழுகிறான். கண் திறக்கும்போது போர் முடிந்திருக்கிறது. முதலில் பார்த்தபோது இதைக் குறும்பான ஓர் உத்தி என்றே நினைத்தேன். அடியில் இருந்தது கணக்கு: ஒரு மயக்கத்தின் விலையில் ஒரு யுத்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் அது டிரியனுக்குப் பொருந்துகிறது, கதையும் கெடவில்லை. இப்படிப் பொருந்தும்படி வெட்டத் தெரிவதுதான் திரைக்கதை ஆசிரியரின் கைத்திறன்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. முதல் சீசனில் பல எபிசோடுகள் தேவையான நீளத்துக்குப் பல நிமிடங்கள் குறைவாக வந்துவிட்டன. நிரப்பவேண்டும், ஆனால் கையில் காசில்லை. அப்போது எதை எழுத முடியும்? ஏற்கெனவே கட்டிய செட்டில், ஏற்கெனவே சம்பளம் பேசிய இரண்டு நடிகர்கள், ஒரு மேஜை, கொஞ்சம் ஒயின். அப்படிப் பிறந்ததுதான் ஐந்தாவது எபிசோடில் ராபர்ட்டும் செர்சியும் தங்கள் திருமணத்தைப் பற்றிப் பேசும் காட்சி. நாவலின் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் இருந்து எழுதப்பட்டது. முதல் நாவலில் அப்படி எட்டுப் பேர். அந்த எட்டில் ராபர்ட்டும் இல்லை, செர்சியும் இல்லை. ஆகவே அவர்கள் தனியாக இருக்கும்போது என்ன பேசுவார்கள் என்பது வாசகருக்குத் தெரியவே வழியில்லை. தொடர் அந்தக் கதவைத் திறந்தது. வெறுத்துக்கொண்டே பல வருடம் ஒன்றாக வாழ்ந்த இருவர், சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல், முதல் முறையாக உண்மை பேசுகிறார்கள். அந்த சீசனின் ஆகச் சிறந்த காட்சி எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தழுவல் என்ற சொல்லுக்கு இது நல்ல விளக்கம். நாவலில் ஒருவர் நினைப்பதைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கேமராவுக்கு முகம்தான் தெரியும், நினைப்பு தெரியாது. அதனால் நினைப்பை எடுத்துப் பேச்சாகவோ செயலாகவோ மாற்றவேண்டும், அதற்குப் பேச எதிரே ஓர் ஆள் வேண்டும். சில மாற்றங்கள் இதைவிடச் சின்னவை. நாவலில் டெனேரிஸுக்கு 13 வயதுதான். அவளுக்கு நேர்வதையெல்லாம் அந்த வயதில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. அதனால் பாத்திரங்களின் வயதைக் கூட்டினார்கள். ஆஷா, ஓஷா என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். எழுத்தில் குழப்பமில்லை, காதில் கேட்டால் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆஷா யாரா ஆனாள்.

பெரிய போருக்கு ஷோரன்னர்கள் மன்றாடியது இரண்டாவது சீசனில். தலைநகரை எதிரிக் கப்பற்படை தாக்கும் பிளாக்வாட்டர் யுத்தம் இல்லாமல் அந்தப் பாகமே இல்லை. எச்பிஓவிடம் பேசிப் பேசிக் கூடுதல் பணம் வாங்கினார்கள். அந்த எபிசோடின் திரைக்கதையை எழுதியவர் மார்ட்டினேதான். நாவலில் ஆற்றின் குறுக்கே எழும்பிக் கப்பல்களை மடக்கும் ராட்சதச் சங்கிலியை, தன் சொந்தக் கற்பனையை, அவர் தானே விட்டுவிட்டார். எடுக்கவேண்டிய இயக்குநரின் குடும்பத்தில் உடல்நலப் பிரச்சினை வந்து அவர் விலக, நீல் மார்ஷல் ஒரு வார அவகாசத்தில் வந்து சேர்ந்தார். முழு அளவில் கட்டப்பட்டது ஒரே ஒரு கப்பல். அதையே மாற்றி மாற்றி அலங்கரித்துப் படையாக்கினார்கள். போரை இருட்டில் வைத்ததால் இல்லாத கப்பல்களை இருட்டு மறைத்தது, பச்சை நெருப்பு மட்டும் கண்ணில் நின்றது.

இல்லாத ஊரை எங்கே எடுப்பது?

இந்தத் தொடரின் வீடு பெல்ஃபாஸ்ட். ஒருகாலத்தில் டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் தளத்தில், கப்பலின் பாகங்களைக் கொண்டுவந்து பெயிண்ட் அடிப்பதற்கென்றே பிரம்மாண்டமான ஒரு கூடம் இருந்தது. கப்பல் தொழில் சுருங்கியபின் அது ஸ்டூடியோ ஆனது. கதையில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் இரும்புச் சிம்மாசனம் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் கடல், காடு, பழைய கோட்டை எல்லாம் கிடைக்கும். லொகேஷன் தேர்வில் அழகைவிட முக்கியமான கேள்வி இதுதான்: 300 பேர், லாரி, சாப்பாடு, கழிப்பறை எல்லாம் அங்கே போய்ச் சேருமா? கைவிடப்பட்ட மாகெராமோர்ன் கல்குவாரியில் பனிச்சுவரின் அடிவாரக் கோட்டையைக் கட்டினார்கள். மார்ட்டின் அதைப் பார்க்கப் போனபோது குவாரிப் பாறை ஏறக்குறைய 400 அடி என்றார்கள். அண்ணாந்து பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது: நான் 700 அடி என்று எழுதியது ரொம்ப அதிகம்.

தலைநகருக்கு முதலில் மால்டா, பிறகு குரோஷியாவின் டுப்ரோவ்னிக். பாலைவன நகரங்களுக்கு மொராக்கோ. சுவருக்கு வடக்கே இருக்கும் பனி உலகத்துக்கு ஐஸ்லாந்து. அங்கே குளிர்காலத்தில் போனார்கள். டிசம்பரில் ஒரு நாளுக்கு நான்கைந்து மணி நேரம்தான் வெளிச்சம். இருட்டுவதற்குள் எடுத்து முடிக்கவேண்டும், ஆனால் அந்தச் சாய்ந்த நீல வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

இத்தனை நாடுகளில் வரிசைப்படி எடுத்தால் ஒரு சீசனுக்கே வருடக்கணக்கில் ஆகும். ஆகவே ‘டிராகன்’, ‘ஓநாய்’ என்று பெயர் வைத்து இரண்டு யூனிட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். ஒன்று பெல்ஃபாஸ்டில் எடுக்கும்போது மற்றது குரோஷியாவில் இருக்கும். ஓர் இடத்துக்குப் போனால் பல எபிசோடுகளில் அந்த இடத்தில் வரும் காட்சிகளையெல்லாம் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலையில் எட்டாவது எபிசோடின் அழுகை, சாயங்காலம் இரண்டாவது எபிசோடின் சிரிப்பு என்று நடிகர் தயாராக இருக்கவேண்டும். இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சீசனின் எல்லாத் திரைக்கதைகளும் முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.

ஒரு கம்பளமும் ஒரு மொழியும்

ஜான் ஸ்னோவும் அவன் தோழர்களும் தோளில் போட்டிருக்கும் கனமான ரோம அங்கியை நினைத்துப் பாருங்கள். பனியும் சேறும் ஏறி, பல குளிர்காலம் கண்டது போல இருக்கும். 2016-இல் ஆடை வடிவமைப்பாளர் மிஷெல் கிளாப்டன் ஒரு நிகழ்ச்சியில் சொன்னார்: அவற்றில் பல, ஐக்கியா கடையில் தரையில் விரிக்க விற்கும் கம்பளங்கள். வாங்கி, வெட்டி, ரோமத்தை இங்கங்கே மழித்து, தோல் வார் தைத்தார்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை: புதுத் துணியைப் பழசாக்குவது. பெரிய படப்பிடிப்புகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மெழுகு பூசுவார்கள், தேய்ப்பார்கள், அழுக்கேற்றுவார்கள், பனி படிந்த மாதிரி வெண்மை தெளிப்பார்கள். நடிகர் நகர்ந்தால் அதன் வாசனையே வரவேண்டும் என்பது கிளாப்டனின் எண்ணம். பார்ப்பவர் இதில் எதையும் கவனிக்கமாட்டார். ஆனால் அங்கி புதுசாகப் பளபளத்தால் உடனே கவனித்துவிடுவார், அந்த உலகம் அந்த நொடியே பொய்யாகிவிடும். கற்பனைக் கதைக்கு இந்தப் பழசாக்கும் வேலை மற்றக் கதைகளைவிடப் பல மடங்கு தேவை.

குதிரைமேல் வாழும் டோத்ராக்கி மக்களின் மொழியும் இப்படித்தான். நாவலில் அது ஒரு சில சொற்களும் பெயர்களும் மட்டுமே. நடிகர்கள் வாய்க்கு வந்ததை உளறினால் வாரத்துக்கு வாரம் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மொழிகளை உருவாக்குவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்களின் சங்கம் வழியாகப் போட்டி வைத்து, டேவிட் பீட்டர்சன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 300 பக்கத்துக்கு மேல் இலக்கணமும் சொற்களுமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

மார்ட்டின் எழுதிய சொற்பச் சொற்களைச் சிதைக்காமல், அவற்றிலிருந்தே விதிகளைக் கண்டுபிடித்தார் பீட்டர்சன். ‘டோத்ராக்கி’ என்றால் சவாரி செய்பவர்கள். அப்படியானால் சவாரி செய்வதற்கு ஒரு வினைச்சொல் இருக்கவேண்டும், அதற்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை வேண்டும். அந்த மக்கள் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்க ‘ஹாஷ் யேர் டோத்ரே செக்’ என்பார்கள். நேர்ப்பொருள்: நல்லா சவாரி செய்றீங்களா? நாம் ‘சாப்பிட்டீங்களா’ என்று நலம் விசாரிப்பதை நினைத்துக்கொண்டால் அந்த மனிதர் எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார் என்று புரியும். ஒரு மக்களுக்கு எது உயிரோ அதுதான் அவர்களின் நலம் விசாரிப்பில் வரும். நன்றி சொல்ல அந்த மொழியில் சொல்லே கிடையாது. மூன்றாவது சீசனுக்கு வலேரியன் என்ற இன்னொரு மொழியையும் அவரே கட்டினார். ஒரு மொழி செய்வதற்கு ஆகும் செலவு ஒரு குதிரைப்படைக்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் திரையில் இருபது பேர் நிற்கும்போதும் பின்னால் ஒரு நாடே இருக்கிறது என்று நம்பவைத்தது அந்த மொழிதான்.

டிராகனுக்கு ஒரு கோழி

கிராபிக்ஸ் என்றதும் கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் டிராகன் வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது கைவேலைதான், கருவி மட்டும் வேறு. குட்டி டிராகன்களை உருவாக்கிய பிக்ஸோமாண்டோ நிறுவனத்தின் ஆட்கள் சூப்பர் மார்க்கெட்டில் கோழி வாங்கிவந்து, இறக்கை மடங்கும்போது தோலும் தசையும் எப்படி நகர்கின்றன என்று இழுத்துப் பார்த்தார்கள். டிராகனுக்கு முன்னங்கால் கூடாது, இரண்டு கால், இரண்டு இறக்கை மட்டும் என்பது மார்ட்டினின் பிடிவாதம். பறவை, வௌவால் போன்ற பறக்கும் விலங்கு எதற்கும் ஆறு உறுப்பு இல்லை என்பது அவர் காரணம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது.

எமிலியா கிளார்க் டிராகன் மேல் பறக்கும் காட்சிகள் ஸ்டூடியோவுக்குள் பச்சை நிறத்தில் ஓர் இயந்திர முதுகின் மேல் எடுக்கப்பட்டவை. வரிசை நாம் நினைப்பதற்குத் தலைகீழ். டிராகன் எங்கே திரும்பும், எப்போது சரியும் என்பதை முதலில் கணினியில் முடித்துவிடுவார்கள். அந்த அசைவுகளை இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது அதேபடி ஆடும், குலுங்கும். மேலே அவர், எதிரே பெரிய மின்விசிறி, சுற்றிலும் பச்சைத் திரை. நாள்கணக்கில் அப்படி உட்கார்ந்து எடுத்தது திரையில் சில நிமிடம்.

ஓநாய்களுக்கு வேறு வழி. முதல் சீசனில் ஓநாய் மாதிரி இருக்கும் நாய்களை வைத்துச் சமாளித்தார்கள். பிறகு கனடாவில் நிஜ ஓநாய்களைத் தனியாகப் படம்பிடித்து, பெரிதாக்கி, நடிகர்கள் இருக்கும் காட்சிக்குள் ஒட்டினார்கள். ஒவ்வொரு ஷாட்டும் செலவு. ஆறாவது சீசனில் ஜானும் அவன் எதிரி ராம்ஸியும் மோதும் போருக்கு 500 துணை நடிகர்கள், 70 குதிரைகள், 25 நாள் ஷூட்டிங். இயக்குநர் மிகேல் சப்போச்னிக்கின் முதல் திட்டத்தில் ஜானின் வெள்ளை ஓநாயும் சண்டைக்குள் இருந்தது. கடைசியில் ஜானின் படையில் இருந்த ராட்சதனா, ஓநாயா என்ற கேள்வி வந்தது. ராட்சதன் ஜெயித்தான். மார்ட்டினின் பழைய கேள்வி முப்பது வருடம் கழித்து, பல மடங்கு பெரிய பட்ஜெட்டில், அப்படியே திரும்பி வந்து நின்றது.

அந்தப் போரில் ஜான் பிணக் குவியலுக்கு நடுவே சொந்தப் படையினரின் காலடியில் நசுங்கி, மூச்சு முட்டி, கையை நீட்டி மேலே வருவான். அது முதல் திட்டத்தில் இல்லை. மழை பெய்து களம் சேறாகி, திட்டமிட்டதை மிச்சமிருந்த நாட்களில் முடிக்க முடியாது என்று ஆனபோது இயக்குநர் மாற்றாக யோசித்தது. விலா எலும்பு நொறுங்குவது போல நமக்கே வலிக்கும் அந்தக் காட்சி, மழை கொடுத்தது.

காசு கொட்டிக் கிடந்தபோது

கடைசி சீசனுக்கு வரும்போது ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய 1.5 கோடி டாலர் செலவிட்டதாகச் சொல்லப்பட்டது. முதல் சீசனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே ஒரு போருக்கு 55 இரவுகள் ஷூட்டிங். இப்போது குதிரையும் உண்டு, கல்லும் உண்டு. இல்லாமல் போனது பக்கங்கள். ஐந்தாவது நாவல் 2011 ஜூலையில் வந்தது. ஆறாவது நாவல் தொடர் முடியும்வரை வரவில்லை. ஐந்தாவது சீசனிலிருந்தே தொடர் புத்தகத்தைத் தாண்டத் தொடங்கியது. கடைசி இரண்டு சீசன்களை 7 எபிசோடு, 6 எபிசோடு என்று சுருக்கினார்கள். முன்பெல்லாம் ஒரு பாத்திரம் ஊர் விட்டு ஊர் போக ஒரு சீசன் பிடிக்கும், அந்த வழியில் அவன் மாறுவான். இப்போது அடுத்த காட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டெனேரிஸ் கடைசியில் தலைநகரையே எரித்துவிடுவது அவளுடைய கதைக்குள் இருக்கக்கூடியதுதான் என்று நான் இப்போதும் நம்புகிறேன். அவளை அங்கே கொண்டுபோக வேண்டிய நடை வெட்டப்பட்டுவிட்டது. கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனையும் ஏமாந்த அன்பு.

இப்படி நேரலாம் என்று ஷோரன்னர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2013-இல் அவர்கள் நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபேயில் இருக்கும் மார்ட்டின் ஊருக்கே போய், நாள்கணக்கில் உட்கார்ந்து, யார் கதை எங்கே போய் முடியும் என்று கேட்டார்கள். எழுதப்படாத நாவலிலிருந்து அவர் சொன்னவற்றில் ஒன்று ஹோடோரைப் பற்றியது. முதல் எபிசோடுகளிலிருந்தே வரும் அந்த ஆஜானுபாகுவான வேலைக்காரனுக்கு ‘ஹோடோர்’ என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

2016-இல், ஆறாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் பதில் வந்தது. பிணங்களின் படை குகைக்குள் துரத்தி வருகிறது. நடக்க முடியாத, ஆனால் கடந்த காலத்துக்குள் பார்க்கத் தெரிந்த பிரானைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அவன் தோழி மீரா வெளியே ஓடுகிறாள். கதவைச் சாத்தி முதுகால் அழுத்தி நிற்கிறான் ஹோடோர். ‘ஹோல்ட் தி டோர்’, கதவை விடாதே, என்று அவள் கத்துகிறாள். அந்தக் கத்தல் பிரானின் வழியாகப் பல வருடம் பின்னால் போய், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வைலிஸ் என்ற சிறுவனின், அதாவது சின்ன வயது ஹோடோரின், காதில் விழுகிறது. அவன் கீழே விழுந்து துடித்து அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தேய்ந்து, ‘ஹோடோர்’ ஆகின்றன. பல நாடுகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு வரியோடு திண்டாடினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து எலும்புக் கைகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் முகத்தைக் கீறுகின்றன. அவன் நகரவில்லை.